செத்தவனை ஏன் விக்கறாங்க? – பாபுவுக்கு ஒரு லெட்டர்

டேய் பாபு,

லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, இப்பத்தான் பதில் போடறேன், திட்டாதே. வீடு மாத்தினதுல பாதி சாமான் இன்னும் அட்டைப்பெட்டியிலயே கிடக்கு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வாக்கரை ஓரமா சாத்தி வச்சுட்டு மாடி ஏறுறாங்க, ஏறாதீங்கன்னா காதுலயே போட்டுக்கறதில்ல. சுதாவை ஸ்கூல்ல வைஸ் பிரின்சிபால் ஆக்கிட்டாங்க, சம்பளம் அதேதான், வேலை மட்டும் டபுள். பெங்களூர்ல மழை, டிராஃபிக் எல்லாம் எப்படி இருக்குன்னு கேக்கப்போறதில்ல, நீ புலம்ப ஆரம்பிச்சா நிறுத்த மாட்ட.

விஷயத்துக்கு வரேன். உன் பையன் கேட்டதா எழுதியிருந்தியே, ஜி.ஐ. ஜோங்கற அமெரிக்க ராணுவ பொம்மைங்களோட காமிக்ஸ்ல மிலிட்டரி டாக்டர் டாக் செத்துட்டான், அப்புறம் அப்பா எனக்கு ஏன் டாக் பொம்மை வாங்கித் தந்தாருன்னு. அதுக்கு நீ, கதையில செத்தா அந்த பொம்மையோட அச்சையே தூக்கிப் போட்டுடணும், அதுதான் மரியாதைன்னு எழுதியிருக்க. பாதி ஒத்துக்கறேன், பாதிக்கு சண்டை போடறேன்.

முதல்ல அந்த சாவையே எடுத்துக்கோ. மார்வெல் போட்ட ஜி.ஐ. ஜோ காமிக்ஸ் 109வது இஷ்யூ, 1991. நாம படிச்சது காலேஜ் டைம்ல, எவனோ ஸ்கேன் பண்ணி சிடியில போட்டுக் குடுத்ததுதான், ஞாபகம் இருக்கா? டாக் கையில ஆயுதம்கூட கிடையாது, கைதியா பிடிச்சு வச்சிருக்காங்க, சா-வைப்பர்னு எதிரி கோப்ரா படை ஆளு ஒருத்தன் மெஷின் கன்னை எடுத்து சுட்டுத் தள்ளிடறான். கூடவே அவன் கூட்டாளிங்க தண்டர், ஹெவி மெட்டல், கிராங்க்கேஸும் காலி. தப்பிச்சு ஓடின ப்ரேக்கர், க்விக் கிக், கிரேஸிலெக்ஸ் மூணு பேரும் டேங்க்கோட போயிடறாங்க. பின்னாடி பெரிய வசனம் எல்லாம் எதுவும் இல்ல, அப்படியே முடிஞ்சுடுது. எழுதின லாரி ஹாமா நிஜமாவே ராணுவத்துல இருந்துட்டு வந்தவர், அதனாலயோ என்னவோ அந்த சாவு அப்படி பொட்டுனு நடக்குது.

இப்போ பொம்மைங்க வந்த வருஷத்தைப் பாரு, கொஞ்சம் கடுப்பாகும். ப்ரேக்கர் 1982, டாக் 1983, தண்டர் 1984, க்விக் கிக்கும் ஹெவி மெட்டலும் கிராங்க்கேஸும் 1985, கிரேஸிலெக்ஸ் 1987. எல்லாம் கடையில இருந்து எப்பவோ காணாமப் போன சரக்கு. சுட்டவன் இருக்கானே சா-வைப்பர், அவன் பொம்மை வந்தது 1990ல. அதாவது செத்தவன் ஒருத்தனையும் புதுசா வாங்க முடியாது, கொன்னவனை மட்டும் அப்பத்தான் கடையில மாட்டி வச்சிருக்கான். ஹாமா மனசுல விளம்பரம் இருந்துச்சுன்னு நான் சொல்லல, படிக்கறப்ப எனக்கு தொண்டை அடைச்சுதுதான், ஆனா யார் சாகலாம் யார் சாகக்கூடாதுங்கறதுல ஷெல்ஃபுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு அந்த வருஷங்களைப் பார்த்தா தோணாம இருக்குமா?

சரி, சாவுக்கு மரியாதைன்னா டாக் பொம்மையே வரக்கூடாதா? அதுல தாண்டா எனக்கும் உனக்கும் ஒத்துப்போகல. எங்க ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவுல வருஷாவருஷம் கர்ண மோட்சம் கூத்து போடறாங்க, விடியற நேரத்துக்கு கர்ணன் செத்துடுவான், அடுத்த வருஷம் அதே கிரீடம் அதே புஜக்கட்டையோட வந்து நிப்பான், செத்தவனுக்கு எதுக்கு வேஷம்னு யாரும் கேக்கறதில்ல. ஆனா கிரீடம் நல்லா போகுதுன்னு கர்ணனைப் பிழைக்க வச்சு கூத்தை முடிச்சா பந்தலைப் பிரிச்சுடுவாங்க.

அதான்டா என் கட்சி. பொம்மை எந்தக் காலத்து டாக்காவும் இருக்கலாம். 1983ல ஸ்ட்ரெச்சரும் ஃப்ளேர் கன்னும் வச்சுகிட்டு வந்த டாக் உயிரோட இருக்கற டாக். உன் பையன் அவனை சோஃபா மேல நிக்க வச்சு யாரைக் காப்பாத்தறானோ அது அவன் கதை. பொம்மையால கதையை மாத்தச் சொல்றாங்களே, பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்னு ரோபோ பொம்மைங்களோட காமிக்ஸைப் பாரு. ஜனவரி 1987 தேதி போட்ட 24வது இஷ்யூல நல்ல ரோபோங்க தலைவன் ஆப்டிமஸ் பிரைம் எப்படி சாகறான்? எதிரித் தலைவன் மெகாட்ரானோட ஒரு வீடியோ கேம் மேட்ச், ஜெயிக்கறதுக்காக கேம் உள்ள இருக்கற அப்பாவி ஜனங்களை சாக விட்டுட்டேன், அது தோத்த மாதிரிதான்னு சொல்லி தன்னையே வெடிக்க வைக்கச் சொல்றான். கேக்க காமெடியா இருக்கும், ஆனா யோசிச்சா அந்தக் கேரக்டருக்கு அதைவிடப் பொருத்தமான சாவு கிடையாது, ரூல்னா ரூல், கேமா இருந்தாலும். 1988ல பவர்மாஸ்டர் ஆப்டிமஸ் பிரைம்னு புது பொம்மை, உடனே 42வது இஷ்யூல ஐயா திரும்பி வந்தாச்சு, ஒரு ஃப்ளாப்பி டிஸ்க்ல அவன் உயிரை சேவ் பண்ணி வச்சிருந்தாங்களாம்! வில்லன் கூட்டத்து ஸ்டார்ஸ்க்ரீமும் அப்படித்தான், 50வது இஷ்யூல அத்தனை பேரைக் கொன்னு குவிச்சுட்டு தானும் போய்ச் சேர்ந்தான், ப்ரிடெண்டர் ஸ்டார்ஸ்க்ரீம்னு பொம்மை வந்ததும் அவனையும் ரிப்பேர் பண்ணி எழுப்பி விட்டாங்க. இப்படி ரெண்டு தடவை பார்த்தா மூணாவது தடவை எவன் செத்தாலும் அடுத்த பொம்மை எப்போன்னுதான் கேக்கத் தோணும். நாம அப்படித்தானே கேட்டோம்.

1986ல வந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்துல பிரைம் செத்தப்போ அமெரிக்காவுல பிள்ளைங்க தியேட்டர்லயே அழுது ரகளை ஆகி, பயந்துபோய் அடுத்து வந்த ஜி.ஐ. ஜோ படத்துல சாகவேண்டிய ஹீரோ ட்யூக்கை கோமான்னு ஒரு வரி வசனத்துல பிழைக்க வச்சாங்களே, அது தனிக் கொடுமை. பாம்பு ஈட்டி நெஞ்சுல ஏறியிருக்கு, கோமாவாம்!

ஆனா சரியாவும் பண்ண முடியும்டா, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதறேன். முகமூடி போட்ட நிஞ்சா ஸ்னேக் ஐஸை எடுத்துக்கோ, ஜி.ஐ. ஜோவுலயே அதிகமா விக்கற முகம், முகம்னு சொல்லக்கூடாது, மூடிதான். பின்னாடி ஐடிடபிள்யூங்கற கம்பெனி போட்ட காமிக்ஸ்ல 2015ல அதே ஹாமா அவனைக் கொன்னுட்டார். அப்புறம் ஷான் காலின்ஸ்னு ஒரு பையன், ஸ்னேக் ஐஸோட வியட்நாம் கூட்டாளி பிள்ளை, அந்த மாஸ்க்கை மாட்டிகிட்டு ஸ்னேக் ஐஸா நிக்கறான். செத்தவன் செத்தவன்தான். ஆனா கறுப்பு டிரெஸ், வைஸர், கத்தி எல்லாம் அப்படியே இருக்கறதால பொம்மை கம்பெனி ஹாஸ்ப்ரோ எத்தனை ஸ்னேக் ஐஸ் வித்தாலும் கதையோட ஒரு எழுத்தும் மாறத் தேவையில்ல. டாக் விஷயத்துலயும் பின்னாடி வந்த காமிக்ஸ்ல கார்லா க்ரீர்னு அவன் சொந்தக்காரப் பொண்ணு அதே பேரை எடுத்துகிட்டா. எனக்கு இதுதான் மரியாதையா படுது.

லெகோக்காரங்க பயானிக்கிள்னு ஒரு பொம்மை வரிசைக் கதையில இன்னும் தைரியமா பண்ணாங்க. 2007ல மட்டோரோங்கற ஹீரோவோட பொம்மை கடையில தொங்கிகிட்டு இருக்கறப்பவே, அதே வருஷக் கதையோட முடிவுல, அந்த உலகத்துக்கே தெய்வம் மாதிரியான மட்டா நூயியைப் பிழைக்க வைக்க உயிர் மாஸ்க்கைப் போட்டுகிட்டு கரைஞ்சு போயிடறான். அவனை அப்புறம் எழுப்பவே இல்ல. பழைய சரக்கை மட்டும் சாகடிக்கற வேலை இல்ல இது, விக்கற சரக்கையே சாகடிச்சாங்க.

இதுல நம்ம கேஸ் வேற தமாஷ். நமக்குக் கிடைச்சதெல்லாம் ஃபன்ஸ்கூல் போட்ட ஜோங்க, எம்ஆர்எஃப்காரங்க ஹாஸ்ப்ரோவோட சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி, அமெரிக்காவுல 1994ல அந்த லைன் நின்னதுக்கு அப்புறமும் இங்க வந்துகிட்டே இருந்துச்சு, கலர் மட்டும் யார் இஷ்டத்துக்கு அடிச்சாங்களோ! காமிக்ஸ் கைக்கு வராததால யார் செத்தா யார் இருக்கான்னு ஒண்ணும் தெரியாது, அட்டைப் பின்னாடி இருக்கற கோட்நேம், பிறந்த ஊர் அந்தக் கார்டை கத்தரிக்கோல்ல வெட்டி ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சுப்போம், அதுலயே கதை முடிஞ்சுது. பெரும்பாலும் அந்தக் கார்டை எழுதினதும் ஹாமாதான்னு பெரியவனான அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால எனக்கு ஒரே ஒரு ஆசை, டாக் மாதிரி ஆளுங்க பொம்மை திரும்ப வர்றப்போ கார்டுல கடைசியா ஒரு வரி சேர்க்கலாம், எங்க எப்படிப் போனான்னு. விக்கறது குறையுமா? எனக்கென்னவோ கூடத்தான் செய்யும். ஹெவி மெட்டலோட துணுக்கு மைக்கு எவ்வளவுக்குப் போகுதுன்னு பாரு, பொம்மையை விட அதுக்குத்தான் அடிதடி.

பையன்கிட்ட, இவன் 1983 டாக், இவனுக்கு இன்னும் ஒண்ணும் ஆகலன்னு சொல்லிப்பாரு, என்ன சொல்றான்னு எழுது. கேப்டன் கார்டு ரெண்டு வேணும்னு கேட்டியே, பெட்டியைப் பிரிச்சதும் தேடி அனுப்பறேன். பொங்கலுக்கு வர்றதுன்னா இப்பவே டிக்கெட் போட்டுடு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட்னு அழாதே. லதாவையும் கேட்டதா சொல்லு.

உன்
ரமேஷ்