கதை விற்ற பணம் யாருக்கு? சட்டத்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் 'வாழ்க்கைக் கதை உரிமை'யை வாங்கிவிட்டோம் என்று தயாரிப்பாளர்கள் பெருமையாக அறிவிக்கும் காலம் இது. அந்தப் பணம் முதலில் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குப் போகும்படி ஒரு சட்டம் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

தொடர் கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் வழக்கைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிறையில் அவர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை தடுத்தது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யார் சம்மதமும் வேண்டாம், அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. நான் தடை கேட்கவில்லை. எழுதட்டும், எடுக்கட்டும். பணத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்.

ஆவணங்களைத் தாண்டிச் சொந்த வாழ்க்கைக்குள் போனால் கொன்றவர் வழக்குப் போடலாம். அதனால் அவரிடம் ஒப்பந்தம், முன்பணம் எல்லாம். கொல்லப்பட்டவருக்கு? ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் சாவோடு முடிந்துவிடும், வாரிசுக்கு வராது என்று ஜெயலலிதா வாழ்க்கைப் பட வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. ஆக, கழுத்தை நெரித்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். செத்தவனின் தாயிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை.

அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள் ஐயா. மகன் கடைசியாக என்ன சட்டை போட்டிருந்தான் என்று போலீசில் சொன்னவள் அவள். அதே நிறச் சட்டையில் ஒரு நடிகர் துடித்துச் சாவதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள். அந்த அலறல் சுவரைத் தாண்டி அவள் அடுப்படி வரை கேட்கிறது. அமெரிக்காவில் ஜெஃப்ரி டாமர் என்ற தொடர் கொலைகாரனைப் பற்றிய தொடர் 2022இல் வந்தபோது, கொல்லப்பட்டவர் ஒருவரின் சகோதரி 1992இல் நீதிமன்றத்தில் கதறியதை அப்படியே நடித்துக் காட்டினார்கள். தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார் அவர்.

கதை விற்ற பணம் பாதிக்கப்பட்டவருக்குப் போக நியூயார்க்கில் 1977இலேயே சட்டம் போட்டார்கள். பேச்சுரிமையை மீறுகிறது என்று 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விட்டுவிடவில்லை, 2001இல் திருத்தி எழுதினார்கள். தண்டனை பெற்றவருக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுப்பவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லும், அவர் வழக்குத் தொடரலாம். கதைக்குத் தடையில்லை, பணத்துக்குக் கணக்கு உண்டு.

நம்மிடம் என்ன இருக்கிறது? குற்றத்தால் வந்த சொத்தைப் பறித்துப் பாதிக்கப்பட்டோருக்குப் பிரித்துக் கொடுக்க, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 107ஆம் பிரிவு இருக்கிறது. கதை விற்ற பணமும் அதில் சேரும் என்று வெளிப்படையாக ஒரு வரி இல்லை. அந்த வரியைத்தான் கேட்கிறேன். பணத்தைக் குற்றவாளி தன் மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ வாங்கினாலும் அது பொருந்த வேண்டும்.

ரவுடிக்குப் பிறந்தநாள் பேனர் வைக்கிறார்கள், சாதிச் சங்கம் மாலை போடுகிறது, கல்லூரிப் பையன்கள் கொலைகாரன் வசனத்தை ரீல்ஸ் ஆக்குகிறார்கள். செத்தவன் பெயர் தெருவில் ஒருவருக்கும் நினைவில்லை. இதையெல்லாம் ஒரு சட்டத்தால் திருத்த முடியாதுதான். கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள்க.

குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலமே திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறலாம். கதை விற்ற பணத்தில் முதல் உரிமை கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கே என்னும் மசோதாவை வரும் கூட்டத்தொடரிலேயே தாக்கல் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னை வாக்காளர் ஒருவர்