கையெழுத்து போட வேண்டாம் மக்ளே

மக்ளே,

ஞாயித்துக்கெழம நீ ஃபோன்ல சொன்னதுல இருந்து அம்மைக்கு ஒறக்கமே இல்ல. இங்க விடாம மழ, ரப்பர் வெட்டு நின்னு மூணு நாளாச்சு, வீட்டுக்குள்ள இருந்து அதையே நெனச்சிட்டு கெடக்கேன். ஃபோன்ல சொன்னா நீ எடையில பூந்து சட்டம் பேசுவ, அதனால வாட்ஸப்புல எழுதுதேன், முழுசா படிச்சிட்டு பெறவு பேசு.

பேத்தி டீம்ல ஓடுத அந்த ஒயரமான புள்ள, கிராப்பு வெட்டினவ, அவ பொண்ணுதானான்னு ஸ்கூல்ல விசாரிக்கணும்னு அப்பா அம்மாமாரு சேந்து மனு எழுதியிருக்காவ, நீயும் கையெழுத்து போடப்போறேன்னு சொன்ன. "சட்டமே அப்படித்தாம்மா இருக்கு"ன்ன. சரி, அந்த சட்டத்த நானும் தேடி வாசிச்சேன் கேட்டியா. அமெரிக்காவுல உங்க யூட்டா மாநிலத்துல 2022ல, திருநர் பொண்ணுக பொண்ணுக டீம்ல வெளையாடக் கூடாதுன்னு அந்த பில்லு வந்தப்ப கவர்னர் ஸ்பென்சர் காக்ஸ் சம்மதிக்காம திருப்பி அனுப்பினாரு. ஹைஸ்கூல்ல வெளையாடுத பிள்ளைக 75,000, அதுல திருநர் பிள்ளைக 4, பொண்ணுக டீம்ல வெளையாடுதது ஒரே ஒரு ஆளுன்னு கணக்கு எழுதி அனுப்பினாரு. அவருக்க கட்சிக்காரங்களே அத மீறி ஓட்டு போட்டு சட்டமாக்கினாவ. அதே வருசம் என்ன சங்கதி வெளிய வந்துன்னு உனக்கு தெரியுமா? ஒரு பொண்ணு போட்டியில ஜெயிச்சிட்டா, தோத்த பிள்ளைகளுக்க வீட்டுக்காரங்க புகார் குடுத்தாவ, போட்டி நடத்துத சங்கம் அவ கிண்டர்கார்டன் ரெக்கார்டு வரைக்கும் தோண்டி பாத்திருக்கு, அவ வீட்டுல ஒரு வார்த்த சொல்லல. கடைசியில அவ பொறந்ததுல இருந்தே பொண்ணு. இப்ப நீங்க எழுதியிருக்கதும் அதே மனுதான. நாளைக்கு நம்ம பேத்தி முடிய வெட்டிட்டு ஜெயிச்சா அவளையும் இப்படி தோண்டுவாவ.

2006 டிசம்பர்ல தோகா ஏசியன் கேம்ஸ்ல புதுக்கோட்டை சாந்தி சவுந்தரராஜன் 800 மீட்டர்ல வெள்ளி எடுத்தா, செங்கச்சூளையில வேல பாத்தவங்க மவ, டீச்சரா இருந்த நான் அன்னைக்கு ஸ்கூல் கிரவுண்டுல பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தேன். கொஞ்ச நாள்ல பாலின பரிசோதனையில தேறலன்னு சொல்லி மெடல புடுங்கிட்டாவ. அவ திருநங்கை இல்ல மக்ளே, பொண்ணா பொறந்து பொண்ணா வளந்தவ. ஊரு ஒலகமே அவளுக்க ஒடம்ப பத்தி டிவியில பேசிச்சு. அத நீயும் பாத்தியே, மறந்து போச்சா?

இனி உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ணு சொல்லுதேன். நான் சர்வீஸ்ல சேந்த புதுசுல ஆறாம் கிளாஸ்ல ஒரு பிள்ள, ரெஜிஸ்டர்ல ஆம்பள பேரு, ஆனா நடையும் பேச்சும் சேக்காளிகளும் எல்லாம் பொண்ணுகதான். கோ-கோ ஆட பொண்ணுக வரிசையில வந்து ஒக்காரும். நான் எல்லாருக்க முன்னாலயும் கைய புடிச்சி எழுப்பி "அங்க போலே"ன்னு பயலுக பக்கம் தள்ளினேன். பயலுக கக்கூசுல அந்த பிள்ளைய என்ன பாடு படுத்தினாவன்னு தெரிஞ்சும் ஹெட்மாஸ்டர்கிட்ட போய் சொல்லல. காலையில இருந்து சாயங்காலம் வர ஒரு சொட்டு தண்ணி குடிக்காது, குடிச்சா ஒண்ணுக்கு போணும்லா. ஒரு நாள் பிரேயர்ல மயங்கி விழுந்து, நீர்க்கடுப்புன்னு ஆசுபத்திரிக்கு தூக்கிட்டு போனோம். ஒம்பதாம் கிளாஸோட படிப்ப விட்டுட்டு. ரிட்டயர் ஆன பெறவு ஒரு திங்கக்கெழம மனு குடுக்க நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் போனேன், திருநங்கை ஐடி கார்டுக்கு வந்து நின்னவ "டீச்சர்"ன்னு ஓடி வந்து கைய புடிச்சா. "கோ-கோ இன்னும் உண்டா டீச்சர்?"ன்னு கேட்டா. நான் தள்ளிவிட்ட அதே கை.

நம்ம நாட்டுல 2014 ஏப்ரல் 15ல சுப்ரீம் கோர்ட்டு திருநர் ஆளுகளுக்கு தனி அடையாளமும் கக்கூஸ் வசதியும் வேணும்னு சொல்லிச்சு. 2019 திருநர் பாதுகாப்பு சட்டத்துல 13வது பிரிவு, கவர்மெண்ட் அங்கீகாரம் உள்ள பள்ளிக்கூடம் எதுவும் பாகுபாடு பாக்காம படிப்பும் வெளையாட்டும் குடுக்கணும்னு இருக்கு. எழுத்துல இருக்கு, கிரவுண்டுல இன்னும் ஆண் பெண்ணுன்னு ரெண்டே வரிசைதான்.

ஓட்டத்துல நியாயம் வேண்டாமான்னு கேப்ப. வேணும். ப்ளஸ் டூ பயலுக டைமையும் பொண்ணுக டைமையும் ஸ்டாப்வாட்ச்சுல 31 வருசம் பாத்தவளாக்கும் நான், வயசுக்கு வந்த பெறவு ஒடம்புல வர்ற வித்தியாசம் பொய் இல்ல, பெரிய போட்டிகளுக்கு எந்த வயசுல எப்படி பிரிக்கணும்னு டாக்டர்மாரும் சங்கத்துக்காரங்களும் இருந்து பேசட்டும், அதுல அம்மைக்கும் முழு தெளிவு கெடையாது. ஆனா கக்கூசு ஓட்டப்பந்தயம் இல்ல மக்ளே. 2024ல உங்க ஊருல அதுக்கும் சட்டம் போட்டிருக்காவ, ஸ்கூல்ல பொறப்புல என்னவோ அந்த பக்கம்தான் போணும்னு. அத வாசிச்சப்ப எனக்கு அந்த பிள்ள பிரேயர்ல விழுந்ததுதான் கண்ணு முன்னால வந்து.

அந்த ஒயரமான புள்ள யாருன்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. யார் வீட்டு பிள்ளைக்கோ எதிரா உனக்க பேரு ஒரு காயிதத்துல கெடக்க வேண்டாம். அப்பாவும் இதேதான் சொல்லுதாவ, பேசும்போ கேளு.

பேத்திகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு, பிராக்டீஸ் முடிஞ்சா அந்த புள்ள தண்ணி குடிக்காளான்னு பாக்கச் சொல்லு.

அம்மை