பழுப்பு பூட்ஸ் கருத்துப் போகிறதே என்று கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

எங்களிடம் பழுப்பு பூட்ஸ் வாங்கியவர்கள் சில மாதங்களில் போன் செய்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நிறம் கருத்துக்கொண்டே போகிறதே, சாயம் சரியில்லையா?" சாயத்தில் குறை இல்லை. அந்தத் தோல் அப்படித்தான் முதிரும். அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம்.

நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் முன்பெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும். இன்று பெரும்பாலும் குரோமிய உப்பு. வேலை சீக்கிரம் முடியும், நிறமும் அவ்வளவாக மாறாது. எங்கள் கறுப்பு பூட்ஸ் அந்த வகை. பழுப்பு மட்டும் பட்டைத் தோல், அதாவது பழைய முறையில் பட்டை போட்டுப் பதனிட்டது. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுக் கருக்கும். நீங்கள் தடவும் க்ரீமும் சேர்ந்தால் இன்னும் ஆழமான நிறம் வரும்.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கவனிக்க வேண்டியது விரல் மடங்கும் இடத்திலுள்ள மடிப்பை. மடிப்பு விழுவது இயல்பு, வெடிப்பு இயல்பல்ல. மண் துகள் மடிப்புக்குள் உட்கார்ந்துவிட்டால் நடக்க நடக்கத் தோலை அரைக்கும். அதனால் பாலிஷைவிட பிரஷ்தான் முக்கியம் என்போம். வீட்டுக்கு வந்ததும் குதிரைமுடி பிரஷால் நாலு இழுப்பு இழுங்கள், போதும். க்ரீம் மாதம் ஒருமுறை, அதுவும் துணியில் துளி தொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் தொளதொளத்துப் போகும், தூசியையும் இழுத்துக்கொள்ளும்.

மழையில் நனைந்துவிட்டதா? உள்ளே செய்தித்தாளைத் திணித்து, அது ஈரமாக ஆக மாற்றுங்கள். ஃபேன் காற்று போதும். வெயிலில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் கூடாது. குரோமியத் தோல் துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பது டேனரிகளில் வழக்கமான சோதனை. நன்றாகப் பதப்பட்ட துண்டு தாங்கிவிடும். பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது 80 டிகிரி வாக்கிலேயே சுருங்கிவிடும். அப்படி விறைத்துப்போனதை எந்த க்ரீமாலும் இளக்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளை படிகிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். அது இரண்டு வகை. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு வெளியே வந்து படிவது ஒன்று. காய்ந்த பூட்ஸில் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சில நொடி காட்டினால் உருகி மறையும், துடைத்துவிடலாம். மறையாமல் பஞ்சு மாதிரி நின்று, முகர்ந்தால் ஈர வாடை அடித்தால் அது பூஞ்சை. மாடியிலோ வாசலிலோ வைத்துத் துடையுங்கள், துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்புறம் ரெண்டு நாள் நிழலில் காற்றாடட்டும்.

கல்யாணத்துக்கு மட்டும் போட வேண்டும் என்று பெட்டியிலேயே பூட்டி வைக்காதீர்கள், தயவுசெய்து. பியூ (பாலியூரிதேன்) சோல் போட்ட எங்கள் லேசான மாடல்களுக்கு இது ரொம்ப முக்கியம். காற்றிலுள்ள ஈரம் பியூவைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். மேல்தோல் புதுசாகவே இருக்க, சோல் மட்டும் ஒருநாள் பொடிப்பொடியாக உதிரும். அவ்வப்போது எடுத்துப் போட்டு நடங்கள்.

வெல்ட் தையல் (மேல்தோலையும் சோலையும் ஒரு பட்டியோடு சேர்த்துத் தைப்பது) போட்ட மாடல்களுக்குச் சோல் மாற்றித் தருகிறோம். ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், ஹீல் ஒரு பக்கமாகத் தேய ஆரம்பித்ததுமே கொண்டுவந்தால் ஹீலை மட்டும் மாற்றினால் போதும், செலவும் குறையும்.

அன்புடன்,
கடைக்காரர்களும் பட்டறைக்காரர்களும்
ஆம்பூர்