எலிக்கு நின்ற அடைப்பு

ஆசிரியருக்கு,

'ரத்தக்குழாய் அடைப்புக்குக் காரணமான நொதி சிக்கியது, விரைவில் மாத்திரை' என்ற பாணிச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. சிக்குவது பெரும்பாலும் ஏதாவதொரு கினேஸ். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிடமிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி வேறொரு புரதத்தில் ஒட்டுவது அதன் வேலை. ஒட்டியதும் அந்தப் புரதம் முடுக்கிவிடப்படும் அல்லது முடங்கும்.

ஜேஎன்கே2 என்ற கினேஸை எடுத்துக்கொள்வோம். குழாயின் உட்சுவருக்கு அடியில் தங்கி ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் என்ற 'கெட்ட' கொழுப்பை, கழிவை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ்கள் விழுங்குகின்றன. கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் புரதமான சாதாரண எல்டிஎல் ஏற்பி, செல்லில் கொழுப்பு சேர்ந்ததும் எண்ணிக்கையில் குறைந்துவிடும். இங்கே வேலை செய்யும் துப்புரவு ஏற்பிக்குப் 'போதும்' என்பதே தெரியாது. செல் உப்பி நுரைச் செல்லாகிறது. அடைப்பின் தொடக்கம் அதுதான். அந்த ஏற்பி கொழுப்போடு உள்ளே போக ஜேஎன்கே2 தேவை என்றும், அதை நீக்கிய எலிகளில் கொழுப்புப் படிவு குறைந்தது என்றும் 2004-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. உடன்பிறப்பான ஜேஎன்கே1-ஐ நீக்கியதில் பலனில்லை.

நல்ல ஆய்வுதான். ஆனால் சாதாரண எலிக்கு இந்த நோயே வராது. ரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் ஏபோஇ மரபணுவை நீக்கி, ரத்தக் கொழுப்பை டெசிலிட்டருக்கு 400 மி.கி.க்கு மேல் ஏற்றித்தான் வரவழைக்கிறார்கள். கினேஸும் பிறவியிலேயே நீக்கப்படுகிறது. நமக்கோ மாத்திரை வருவதற்குள் படிவுக்கு 30 வயது ஆகியிருக்கும். மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கினேஸ்கள். ஏடிபி உட்காரும் குழி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், ஒன்றை அடைக்கப் போய் வேறொன்றும் அடைபடும்.

தொடக்கப் பலனை மட்டும் நம்ப முடியாது என்பதற்குச் சாட்சி பி38 என்ற இன்னொரு கினேஸ். அதைத் தடுக்கும் லாஸ்மாபிமோட், சிறிய சோதனையில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவைக் குறைத்தது. பிறகு மாரடைப்பு வந்த சுமார் 3,500 பேரிடம், 7.5 மி.கி. தினம் இருவேளை, 12 வாரம் சோதித்தார்கள். 2016-இல் வந்த முடிவு: மருந்து எடுத்தவர்களில் 8.1 சதவீதம் பேருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும் மீண்டும் இதயச் சிக்கல். பலன் இல்லை.

எல்டிஎல் கதை வேறு. அது டெசிலிட்டருக்குச் சுமார் 39 மி.கி. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, மனிதர்களிடமே நிரூபணமானது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள கொழுப்புக் குறைப்பு மாத்திரையான அடோர்வாஸ்டாடின், தினம் 40 முதல் 80 மி.கி. எடுத்தால், எல்டிஎல்லை ஏறத்தாழ பாதியாக்கும். புது மாத்திரை வரட்டும் என்று இதை நிறுத்துகிறவர்களுக்குத்தான் நஷ்டம்.

எலியா மனிதரா, எத்தனை பேர், எத்தனை வாரம் என்பதை இத்தகைய செய்தியின் முதல் பத்தியிலேயே போட வேண்டுகிறேன்.

– மருந்தியல் ஆசிரியர் ஒருவர், திருச்சி