ஆவுளியா படத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், மனோரா கரையோர அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

பாக் விரிகுடா ஆவுளியாவை, அதாவது கடற்பசுவைப் பற்றிய ஆவணப்படம் முடிந்துவிட்டது. படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி வலையை அறுத்தவர்களுக்கு. ஆவுளியா பாலூட்டி. சில நிமிடங்களுக்கொருமுறை மேலே வந்து மூச்சு வாங்காவிட்டால் வலைக்குள்ளேயே செத்துப்போகும். முடிச்சை அவிழ்க்க நேரமிருக்காது, கத்திதான். அறுத்த வலை மறுநாள் தொழிலுக்கு ஆகாது. வனத்துறை வெகுமதி தருகிறது, உண்மைதான். ஆனால் கத்தியை எடுக்கும் நொடியில் யாரும் அதைக் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாலைச் சுற்றிய நைலான் கண்ணியை ஒருவர் விரலால் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் தோலில் கீறல் படாமல் அறுக்கும் காட்சி நீங்கள் செல்போனில் எடுத்தது. ஆடுகிறது, ஃபோகஸும் இல்லை. என் லென்ஸில் சிக்கிய எதையும்விட அதுதான் படத்துக்கு உயிர். ஒரு நொடிகூட வெட்டவில்லை.

காற்றைப் பார்த்தே "இன்னைக்குத் தண்ணி கலங்கல், வேணாம் தம்பி" என்று திருப்பி அனுப்பிய படகுக்கார அண்ணனுக்கு, மிச்சமான டீசல் காசெல்லாம் சேர்த்து நன்றி. ஆவுளியா மேய்ந்துபோன தடத்தை, கடற்புல் வேரோடு போய் மணல் மட்டும் வளைந்து நெளிந்து தெரிகிற கோட்டை, எனக்கு முதலில் காட்டியவரும் அவர்தான்.

அனுமதியோடு நிபந்தனைகளையும் கொடுத்த வனத்துறையினருக்கு நன்றி. தாயும் கன்றும் தெரிந்தால் ட்ரோனை விலக்கிவிட வேண்டும் என்பது அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றைக் கன்றுக்காக ஒரு வருடத்துக்கு மேல் சுமக்கிற விலங்கிடம் ஒரு ஷாட்டுக்காக வம்பு பண்ணக் கூடாது. கடற்புல் வகைகளைப் பொறுமையாகச் சொல்லித்தந்த ஆய்வாளர்களுக்கும் நன்றி.

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. வரைபடத்தில் அது வெறும் கட்டம். அதற்குள் தினமும் தொழிலுக்குப் போகிறவர்கள் இல்லாமல் படமில்லை என்று அடம்பிடித்த எடிட்டருக்குத் தனி வணக்கம். விலங்கையே காட்டிக்கொண்டிருக்க நினைத்தவன் நான்.

முதல் திரையிடல் உங்கள் கரையில்தான். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். திரையும் ஸ்பீக்கரும் நான் கொண்டுவருகிறேன்.