லட்சம் பேர் உட்கார ஒரு பள்ளம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டிவிடாமல், பேப்பரில் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய் பார், அதைப் படித்ததும் எனக்கும் உட்கார்ந்து எழுத வேண்டும் போல ஆகிவிட்டது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பிசியோதெரபிக்கு மட்டும் டிமிக்கி கொடுக்காதே. தங்கச்சி சொல்கிறபடி கேள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் வீடு ஆன் ஆர்பர் ஊருக்குள்ளேயே இருப்பதால் என் காலை நடை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குள்தான். ஊர் எங்கே முடிகிறது, பல்கலைக்கழகம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட மதில் எதுவும் கிடையாது. உன் தங்கைக்குக் குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்டோபரிலேயே ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்.

நான் அனுப்பிய ஸ்டேடியம் போட்டோவைப் பார்த்துவிட்டு, "படிக்கிற இடத்துக்கு எதுக்குடா லட்சம் பேர் உட்கார்ற மைதானம்? சர்க்கார் பணமா?" என்று கேட்டிருந்தாய். பி.டி. வாத்தியாராக இருந்த காலம் முழுக்க ஒரு வாலிபால் நெட் வாங்கக் கையெழுத்துக்கு அலைந்தவன் நீ. உனக்கு அந்தக் கேள்வி வராமல் யாருக்கு வரும்? வந்த நாளாக எனக்கும் அதே யோசனைதான். மருமகனைக் கேட்டும் நூலகத்தில் உட்கார்ந்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அது ஃபுட்பால் மைதானம். நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். சர்க்கார் பணம் இல்லை மாப்ளே. 1927இல் அதைக் கட்ட ஆன செலவு 9,50,000 டாலர். அப்போது விளையாட்டுத் துறையின் தலைவர் ஃபீல்டிங் யோஸ்ட். அவர் 500 டாலர் பத்திரங்களை அச்சடித்து, 3 சதவீத வட்டிக்குப் பொதுமக்களிடம் விற்றார். பத்திரம் வாங்கியவருக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. அன்றைக்கே 72,000 இருக்கை. ஒருநாள் லட்சத்தைத் தாண்டும் என்று சொல்லி அஸ்திவாரத்தை அதற்குத் தகுந்த மாதிரி போடவைத்தார் மனுஷன். இன்றைக்குக் கணக்கு 1,07,601. அந்தக் கடைசி ஒன்று ஃப்ரிட்ஸ் கிரிஸ்லர் என்ற பழைய கோச்சுக்காக வைத்த இருக்கையாம். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

பிற்காலத்தில் இரண்டு பக்கமும் எழுப்பிய கட்டடங்களை விட்டுவிட்டால், வெளியிலிருந்து அது அவ்வளவு பெரிதாகவே தெரியாது. பெரும்பகுதி தரைக்குக் கீழே. தண்ணீர் இல்லாத நாளில் வண்டியூர் தெப்பக்குளத்தில் படி இறங்குவோமே, அந்த மாதிரி. தெருவிலிருந்து நேரே உள்ளே நுழைந்தால் நீ மேல் வரிசையில் நிற்பாய், புல் தரை எங்கோ அடியில் கிடக்கும். உட்கார நாற்காலி இல்லை, நீளமான அலுமினிய பெஞ்ச்தான். ஆளுக்கு ஒரு நம்பர், அந்த நம்பருக்குள் உன் இடுப்பு அடங்கியாக வேண்டும். கனத்த கோட்டோடு நவம்பரில் போனால் பக்கத்து ஆள் மடியில்தான் பாதி உட்கார வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகத்தின் வயது இதைவிட ரொம்ப அதிகம். 1817இல் டெட்ராய்ட்டில் தொடங்கியிருக்கிறார்கள், மிச்சிகன் ஒரு மாநிலமாக ஆவதற்கு இருபது வருஷம் முன்னால். ஒரு நீதிபதி போட்ட திட்டம். ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு பிரெஸ்பிடீரியன் போதகரும் சேர்ந்து நடத்தினார்கள். ஒஜிப்வே, ஒடாவா, பொட்டாவாட்டமி என்ற மூன்று பழங்குடி மக்கள் தங்கள் பிள்ளைகளும் பிற்காலத்தில் படிக்கட்டும் என்று அதே வருஷ ஒப்பந்தத்தில் நிலம் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வாசல் ஏறினார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும். 1837இல் ஆன் ஆர்பருக்கு மாற்றினார்கள். 1841இல் இங்கே முதல் வகுப்பு நடந்தபோது ஆசிரியர் இரண்டு பேர், மாணவர் ஏழு பேர். பெண்களைச் சேர்த்தது 1870இல்.

யோஸ்ட் கதைக்கு வருகிறேன். 1901இல் அவர் கோச்சாக வந்தார். அந்த வருஷம் டீம் ஆடிய எல்லா மேட்ச்சிலும் ஜெயித்தது. மொத்தம் எடுத்தது 550 பாயின்ட், கொடுத்தது பூஜ்யம். 1902 புத்தாண்டு அன்று கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபர்டோடு மோதி 49-0. நேரம் மீதி இருக்கும்போதே ஸ்டான்ஃபர்ட் கேப்டன் வந்து "போதும், முடித்துக்கொள்வோம்" என்று கேட்டுவிட்டாராம்.

1903இல் மின்னசோட்டாவுக்கு ஆடப் போனார்கள். அந்த ஊர்த் தண்ணீரில் எதையாவது கலந்துவிடுவார்களோ என்று யோஸ்ட்டுக்குச் சந்தேகம். ஒரு மாணவனைக் கடைக்கு அனுப்பி, 30 சென்ட்டுக்கு ஒரு மண் ஜாடி வாங்கிவரச் சொல்லி, தங்கள் தண்ணீரை அதில் வைத்துக்கொண்டார். மேட்ச் 6-6 டிரா. கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட, ஜாடியை அங்கேயே விட்டுவிட்டு ஊர் வந்துவிட்டார்கள். மறுநாள் மின்னசோட்டா ஆள் ஒருவர் கண்டெடுத்து அதில் ஸ்கோரை எழுதிவைத்தார். தங்கள் 6 பெரிதாக, மிச்சிகனின் 6 பொடிசாக! அப்புறம், வேண்டுமானால் ஜெயித்து எடுத்துக்கொள் என்று ஆகிவிட்டது. 1909 முதல் இன்று வரை அந்த முப்பது சென்ட் ஜாடிதான் கோப்பை. நம் ஊர்த் திருவிழா வாலிபால் டோர்னமென்ட்டில் ஆளுயர வெள்ளிக் கோப்பை கொடுத்துவிட்டு மறு வருஷம் பேரையே மறந்துவிடுகிறார்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

இதே யோஸ்ட்தான் எனக்கு நெருடலாக இருக்கிற ஒரு விஷயத்திலும் நடுவில் நிற்கிறார். அவருடைய அப்பா உள்நாட்டுப் போரில் அடிமைமுறையை விடமாட்டோம் என்ற தெற்குத் தரப்புக்காகச் சண்டை போட்டவர். 1892க்குப் பிறகு நாற்பது வருஷம் இங்கே ஃபுட்பால் டீமில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் கூடத் தலையெடுக்கவில்லை. 1932இல் ஹாரி கிப்கே என்ற கோச் பிடிவாதமாக நின்று வில்லிஸ் வார்ட் என்ற இளைஞரை ஆடவைத்தார். 1932, 1933 இரண்டு வருஷமும் மிச்சிகன் தேசிய சாம்பியன். அதில் வார்டுக்குப் பெரிய பங்கு.

1934இல் தெற்கிலிருந்து ஜார்ஜியா டெக் டீம் இங்கே ஆட வந்தது. எதிர் டீமில் கறுப்பர் இருந்தால் ஆடமாட்டோம் என்பது அவர்கள் நிபந்தனை. மாணவர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், கூட்டம் போட்டார்கள். ஆனாலும் யோஸ்ட் தலைவராக இருந்த துறை வளைந்து கொடுத்தது. மேட்ச்சை ரத்து செய்திருக்கலாம், செய்யவில்லை. வார்டை வெளியே வைத்தார்கள். அதற்கு ஈடாம், ஜார்ஜியா டெக்கும் தங்கள் ஆள் ஒருவரை உட்காரவைத்தது. ஒரு பையனின் மானத்தை எப்படிச் சரிக்கட்டியிருக்கிறார்கள் பார்!

வெளியூர் போனால் வார்டோடு ஒரே அறையில் தங்குகிறவர் ஜெரால்டு ஃபோர்டு. ஆமாம், பின்னால் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். இந்த மேட்ச்சில் ஆடமாட்டேன் என்று விலகப் பார்த்திருக்கிறார். வார்டே அவரை ஆடச் சொல்லியிருக்கிறார். மிச்சிகன் 9-2 என்று ஜெயித்தது. அந்த வருஷம் எட்டு மேட்ச்சில் அது ஒன்றுதான் வெற்றி. 65 வருஷம் கழித்து, 1999இல், கறுப்பின மாணவர் சேர்க்கைக்குச் சலுகை கூடாது என்று இந்தப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஃபோர்டு பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். வார்டுக்கு நடந்ததைச் சொல்லி, பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். குடியரசுக் கட்சிக்காரர் அப்படி எழுதியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

வார்ட் சாதாரண ஓட்டக்காரர் இல்லை. பின்னால் ஒலிம்பிக்ஸில் நாலு தங்கம் வாங்கிய ஜெஸ்ஸி ஓவன்ஸையே 1935 குளிர்காலத்தில் உள்ளரங்கப் போட்டியில் முந்தியவர். ஆனால் ஜார்ஜியா டெக் விவகாரத்தோடு அவருக்கு ஆர்வம் விட்டுப்போயிற்று, பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கும் முயற்சி செய்யவில்லை. சட்டம் படித்து நீதிபதி ஆனார். ஓவன்ஸ் என்ன ஆனார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இது உனக்குத் தெரியுமா? பெர்லினுக்கு முந்தைய வருஷம், 1935 மே 25 அன்று, ஓவன்ஸ் ஆன் ஆர்பரில் ஓடினார். பக்கத்து மாநிலமான ஒஹாயோவின் மாணவர். சில நாள் முன்னால் படியில் விழுந்து முதுகில் அடி. 45 நிமிஷத்துக்குள் மூன்று உலக சாதனை முறியடிப்பு, நாலாவது ஒன்றில் சமன். அன்றைக்கு அவர் தாண்டிய 8.13 மீட்டர் நீளம் 25 வருஷம் நின்றது. மைதானம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கே ஒரு பலகை இருக்கிறது. உனக்காக அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஒஹாயோ என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாதம் குழாய் ரிப்பேர் செய்ய ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். நீலத் தொப்பியில் மஞ்சள் எம் எழுத்து. "இங்கே படித்தீர்களா?" என்று கேட்டேன். தங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவர் யாரும் இல்லை என்றார். ஆனால் 1969இல் அப்பாவோடு ஒஹாயோ மேட்ச்சுக்குப் போனதை, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கால் மணி நேரம் சொன்னார். மிச்சிகனின் புதுக் கோச் போ ஷெம்பெக்லர், ஒஹாயோவில் தன்னை வளர்த்த குருவான வுடி ஹேஸின் டீமை, அதுவும் முந்தைய வருஷச் சாம்பியனை, 24-12 என்று கவிழ்த்த மேட்ச் அது. "நாங்கள் ஜெயித்தோம்" என்றுதான் சொன்னார். இத்தனைக்கும் இந்த இரண்டு மாநிலச் சண்டை ஃபுட்பாலோடு வந்ததில்லை. 1835இல் டொலிடோ ஊர் யாருக்கு என்று இரண்டும் படையே திரட்டியிருக்கின்றன!

உன் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்தக் குழாய்க்காரர்தான் மாப்ளே. போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்று 1955 ஏப்ரல் 12 அன்று உலகத்துக்கு அறிவித்தது இந்தப் பல்கலைக்கழகத்து அரங்கில்தான். நான் பார்த்தவரை அந்தக் கட்டடத்தின் முன்னால் யாரும் நின்று போட்டோ எடுப்பதில்லை. ஆராய்ச்சியால் பலன் பெற்றவன் அதைத் தன்னுடையது என்று நினைப்பதில்லை, டீமை நினைக்கிறான். மக்கள் வரியில் வளர்ந்த ஒரு இடத்தை, உள்ளே வரவே வாய்ப்பில்லாதவனும் சொந்தம் கொண்டாட அந்தப் பள்ளம்தான் வழிவிடுகிறது. ஆனால் அதே சொந்தமும் அதே டிக்கெட் வசூலும்தான் 1934இல் வார்டை வெளியே உட்காரவைத்தன. எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றி ஒன்று பாக்கி. ஃபுட்பால் வருமானத்தில்தான் மற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் நடக்கின்றன. பெண்கள் டீம்களுக்கு 1973 வரை இங்கே அந்தஸ்தே இல்லை, 1972இல் வந்த மத்தியச் சட்டம்தான் கதவைத் திறந்தது. அப்படி வந்த சாஃப்ட்பால் டீம் 2005இல் தேசிய சாம்பியன் ஆனது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதுவரை எந்த டீமும் தொடாத பட்டம். கோச் கேரல் ஹட்சின்ஸ் 1985லிருந்து 2022 வரை ஒரே இடத்தில் இருந்து 1,700 மேட்ச்சுக்கு மேல் ஜெயித்த அம்மா. உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும். கண்டிப்பு அப்படி.

ஆனால் ஆடுகிற பையன்களுக்குக் காசு கூடாது என்று ஒரு நூற்றாண்டு சொல்லிவந்தார்கள். கோச்சுக்குக் கோடிகள், டி.வி.க்குக் கோடிகள், பையனுக்குப் படிப்புச் செலவு மட்டும். 1991இல் ஐந்து முதலாண்டுப் பையன்கள் பாஸ்கெட்பால் டீமில் சேர்ந்து, இரண்டு வருஷமும் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார்கள். அவர்கள் போட்ட தொளதொள டிரவுசரை நாடே போட்டது. கடைகளில் சட்டை விற்றுத் தீர்ந்தது, அதில் அவர்களுக்கு ஒரு பைசா இல்லை. அப்புறம் ஐவரில் கிறிஸ் வெப்பர் ஒருவர் வெளி ஆளிடம் பணம் வாங்கினார் என்று தெரியவந்து, 2002இல் அந்த இறுதிப் போட்டிப் பதாகைகளையே அரங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். தப்பு தப்புதான். ஆனாலும் யார் யாரிடம் சுரண்டினார்கள் என்ற கணக்கில் அந்தப் பையன்களை மட்டும் குற்றவாளி ஆக்க எனக்கு மனசு வரவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. 2021லிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்கலாம். 2025லிருந்து பல்கலைக்கழகமே வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். நல்லதுதான், ரொம்பத் தாமதமான நல்லது. அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும்தான் போகும். நீச்சலும் ஜிம்னாஸ்டிக்ஸும் என்ன ஆகும் என்று மருமகன் கவலைப்படுகிறார். நீ இந்தத் துறையிலேயே ஊறினவன், உனக்கு என்ன தோன்றுகிறது? எழுது.

உன் பேரன் கபடியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு விண்ணப்பம் போட்டது என்ன ஆயிற்று? சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டாக ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். இன்னொன்று, அடுத்த மாதம் அங்கிருந்து யாராவது டெட்ராய்ட் பக்கம் வந்தால் கொஞ்சம் சுண்டைக்காய் வற்றலும் மோர் மிளகாயும் கொடுத்து அனுப்பு. இங்கே கிடைக்கிறது, ஆனால் உன் தங்கைக்கு உங்கள் வீட்டு வற்றல்தான் வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழன்