ஐயாயிரம் கோடியும் இரண்டு எழுத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடலுக்கு ஏற்ற புரோபயாடிக்கை (நன்மை செய்யும் என்று உயிரோடு உட்கொள்ளும் நுண்ணுயிர்களை)த் தேர்ந்தெடுப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எண்ணிக்கை அதிகமாக இருக்க வேண்டும், பல வகைக் கிருமிகள் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. நானும் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

பல்லில் சீழ் வைத்து ஏழு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். நான்காம் நாளே வயிற்றுப்போக்கு. மாத்திரை முடிந்த கையோடு, குடலைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று ஒரு டப்பா வாங்கினேன். 14 வகை பாக்டீரியா, 5,000 கோடி உயிர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போக்கு நின்றது (தானாகவே நின்றிருக்கும் என்பது வேறு விஷயம்). ஆனால் வயிறு மத்தளமாக உப்பிக்கொண்டது. பெல்ட்டை ஒரு துளை தள்ளிப் போட வேண்டியதாயிற்று.

முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டது எனக்கே வெட்கம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கடைசி வரியில் 'இன்யூலின்' இருக்கிறது. பாக்டீரியாவுக்குத் தீனியாகச் சேர்க்கும் நார்ச்சத்து அது. பெருங்குடலில் புளித்து வாயுவை உண்டாக்கும். சிலருக்குக் கொஞ்சம் போனாலே தாங்காது. நிறுத்திய நான்காம் நாள் பெல்ட் பழைய துளைக்குத் திரும்பியது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ்' என்று எழுதி அதோடு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். இனிஷியல் இல்லாத பெயரை வைத்துக்கொண்டு ஆளைத் தேட முடியுமா? அந்த இனத்தில் எத்தனையோ ரகங்கள். ஆய்வுகளில் அதிகம் சோதிக்கப்பட்டது 'ஜிஜி' என்ற ரகம். ஒரு ரகத்துக்குக் கிடைத்த பலனை அதன் பங்காளிக்கு எழுதிவைக்க முடியாது. 2020-இல் 'லாக்டோபேசிலஸ்' பேரினத்தையே பிரித்துப் பெயர் மாற்றியதால், அதே கிருமி 'லாக்டிகேசிபேசிலஸ் ரம்னோசஸ்' என்றும் அச்சாகிறது. 'ஜிஜி' போல ரகத்தைச் சொல்லும் வால் எழுத்து மட்டும் மாறவில்லை. அந்த 5,000 கோடியும் தயாரித்த நாளின் கணக்காம். காலாவதி நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று சொல்லவில்லை.

டப்பாவை மருத்துவரிடம் காட்டினேன். "எதற்காகச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். கட்டுரையில் இந்தக் கேள்வியே இல்லை. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், ஐ.பி.எஸ். (வயிற்றுவலியோடு மலப்போக்கும் அடிக்கடி மாறும் குடல் எரிச்சல் நோய்) தொல்லைக்கு ஆய்வுக்கு வெளியே புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை. ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கு சி. டிஃபிசில் (கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா) தொற்று வராமல் தடுக்கக் குறிப்பிட்ட சில ரகங்களை மட்டும், அதுவும் தயக்கத்தோடு, சொல்கிறது. நானோ எல்லாம் முடிந்த பிறகு ஆரம்பித்தவன். 2018-இல் 'செல்' இதழில் வந்த சிறிய ஆய்வு ஒன்றில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு 11 ரகக் கலவையைச் சாப்பிட்டவர்களுக்குச் சொந்தக் குடல் கிருமிகள் திரும்பி வருவதே தாமதப்பட்டது.

கடைசியாக, பழைய தொழில் புத்தி விடவில்லை. கட்டுரையின் மூன்றாம் பத்தியில் சாக்கரோமைசிஸ் பௌலார்டியை 'நல்ல பாக்டீரியா' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது ஈஸ்ட், பூஞ்சை இனம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைக் கொல்லாது என்பதால்தான் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். பெரிய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தியிருக்கும் நோயாளிகளுக்கும், எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கும் அது இரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம். திருத்தம் வெளியிடும்போது இந்த எச்சரிக்கையையும் சேர்த்துவிடுங்கள். பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர்